நாலு இடத்துக்கு அஞ்சு பேர்

எங்கள் சலவை ஆலையில் பத்துப் பேரை வேலைக்குச் சேர்த்தால் ஆறு மாதத்தில் ஆறு பேர் இருக்க மாட்டார்கள். சிலர் சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர் மதியம் டீ குடிக்க வெளியே போனவர்கள் அப்படியே போய்விடுவார்கள். அவர்களுடைய மாற்றுத்துணிப் பை ஒரு மாதம் ஆணியில் தொங்கும். இஸ்திரிப் பிரிவு மட்டும் விதிவிலக்காக இருந்தது. மூன்று வருடமாக அங்கிருந்து ஒருவர்கூடப் போகவில்லை. ஆலையிலேயே கொடுமையான இடம் அதுதான் என்பதால் ஆபீஸில் எல்லோருக்கும் அது பெரிய புதிர். புதிருக்கு விடை அந்தப் பிரிவின் பெண்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் அங்கே ஃபிட்டர். அந்தப் பெண்களில் ஒருத்தி என் அக்கா.

முதலில் அந்த மெஷினைச் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரி விரிப்புகள் துவைத்துப் பிழிந்து எங்களிடம் வரும்போது ஒவ்வொன்றிலும் கால் லிட்டருக்கு மேல் தண்ணீர் மிச்சமிருக்கும். மெஷினில் ஆள் படுத்த நீளத்துக்கு மூன்று ரோலர்கள். ஒவ்வொன்றுக்கும் கீழே பாதி வெட்டிய பீப்பாய் போல ஓர் இரும்புத் தொட்டில். தொட்டிலின் சுவருக்குள் நீராவி ஓடும்; நூற்றெழுபது டிகிரி. முன்பக்கம் இரண்டு பேர் விரிப்பின் ஆளுக்கொரு முனையைப் பிடித்து உள்ளே விடுவார்கள். ரோலர் அதைத் தொட்டிலோடு அழுத்தித் தேய்த்துக்கொண்டே இழுத்துப் போகும். பின்பக்கம் இரண்டு பேர் அதை வாங்கி மடிப்பார்கள். பத்து வினாடிக்கு ஒரு விரிப்பு. ஈரமாக உள்ளே போவது காகிதம் மாதிரி வெளியே வரும்.

அந்தத் தண்ணீர் எங்கே போகிறது என்று கேட்டால்தான் மெஷின் முழுசாகப் புரியும். ஒரு மணி நேரத்தில் நூறு லிட்டர் தண்ணீர் ஆவியாகிறது. அதில் பாதியை ஓர் உறிஞ்சு குழாய் வெளியே தள்ளும். மீதிப் பாதி அங்கேயே நிற்கும், நாலு பேர் முகத்திலும். நம் உடம்பு வியர்வையை உலர்த்தித்தான் தன்னைக் குளிர வைத்துக்கொள்கிறது. காற்று ஏற்கெனவே ஈரத்தால் நிரம்பியிருந்தால் வியர்வை உலராது, சும்மா ஒழுகும். தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருக்கும், சூடு குறையாது. அந்தச் சுமையெல்லாம் கடைசியில் சிறுநீரகத்தின் தலையில் விடியும்.

அக்காவுக்கு விடிந்தது. மூன்று வருடத்துக்கு முன் ஒரு கோடையில் மெஷின் முன்னால் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் கிடந்தாள். டாக்டர் தெளிவாகச் சொன்னார்: "பாதிதான் வேலை செய்யுது. இன்னொரு தடவை இந்த மாதிரி உடம்பு காஞ்சு விழுந்தீங்கன்னா மிச்சமும் போயிடும். அப்புறம் வாரத்துக்கு ரெண்டு நாள் டயாலிசிஸ்தான்." வேறு பிரிவுக்கு மாற்றச் சொல்லிக் கேட்கலாம் என்று நான் சொன்னேன். அதற்கு மருத்துவச் சான்று கொடுக்க வேண்டும். சான்று கொடுத்தால் 'பணிக்குத் தகுதியில்லை' என்று எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று ஆபீஸில் ஒருவர் காதோடு சொன்னார். அத்தான் இல்லை. பெண் குழந்தைகள் இரண்டு. அக்கா வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் மேற்பார்வையாளர் அந்த ஏற்பாட்டைச் செய்தார். அவரை எல்லோரும் விசிலக்கா என்பார்கள். மெஷின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது என்று இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடிப்பார். கூரைத் தகரம் அதிரும். அவர் ஆபீஸில் மன்றாடி, 'பழுதுத்துணி பார்ப்பவர்' என்று ஒரு புதுப் பணியிடம் வாங்கினார். கிழிசல் விரிப்புகளைத் தனியே பிரிக்க ஓர் ஆள். அப்படிச் சேர்ந்தவள்தான் புதுசு. அவளுக்குப் பின் அந்தப் பிரிவில் யாரும் சேரவில்லை, யாரும் போனால்தானே சேர்ப்பதற்கு. அதனால் மூன்று வருடமாகியும் அவள் பெயர் புதுசுதான்.

ஆனால் கிழிசல் பார்க்கத் தனி ஆளே தேவையில்லை. முனையைப் பிடிக்கும்போதே கண்ணில் பட்டுவிடும். விசிலக்கா செய்தது இதுதான்: நாலு இடத்துக்கு அஞ்சு பேர். ஒரு ட்ராலியில் எழுபது விரிப்பு. அது தீர ஏறக்குறைய பன்னிரண்டு நிமிடம். ட்ராலி தீர்ந்ததும் ஒரு விசில். எல்லோரும் ஓர் இடம் நகர்வார்கள். முன்பக்கத்திலிருந்து மெல்ல மெல்லப் பின்பக்கம், பின்பக்கத்திலிருந்து ஐந்தாவது இடம். ஐந்தாவது இடம் என்பது கொல்லைக் கதவருகே ஒரு ஸ்டூல், ஒரு சுவர் ஃபேன், ஒரு குடம் தண்ணீர், மடியில் பெயருக்கு நாலு கிழிசல் விரிப்பு. பன்னிரண்டு நிமிடம் உலர்ந்த காற்றில் உட்கார்ந்தால் உடம்பு தன் கணக்கை நேர் செய்துகொள்ளும். பிறகு மறுபடி முன்பக்கம். அஞ்சு பன்னிரண்டு அறுபது. ஒவ்வொரு மணி நேரத்திலும் ஒவ்வொருத்திக்கும் ஒரு முறை. மெஷின் ஒரு நிமிடம்கூட நிற்காது. நான் எத்தனையோ கியர்ப்பெட்டிகளைத் திறந்து பார்த்திருக்கிறேன். இவ்வளவு அழகாகச் சுற்றும் ஒன்றைப் பார்த்ததில்லை.

"தம்பி, இது இந்த அஞ்சு பேருக்குள்ள இருக்கணும்," என்று விசிலக்கா முதல் நாளே என்னிடம் சொன்னார். "உங்களுக்குத் தெரிஞ்சது உங்க அக்காவால. வெளில ஒரு வார்த்தை போச்சுன்னா அவ்வளவுதான்."

"நான் ஏன் அக்கா சொல்லப்போறேன்?"

"நீங்க நல்லவருதான். ஆனா ஸ்க்ரூ எப்படி முடுக்குறதுன்னு கேட்டாலே அரைமணி நேரம் பேசுற ஆளாச்சே."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இப்படி மூன்று வருடம் ஓடியது. இந்த வருட ஆரம்பத்தில் இரண்டு பெரிய ஆஸ்பத்திரிகள், விரிப்பு நேரத்துக்கு வரவில்லை என்று எங்களை விட்டுப் போயின. ஆள் இல்லாமல்தான் நேரத்துக்குப் போகவில்லை. அதன் பிறகுதான் நிர்வாகம் விழித்துக்கொண்டு, வேலைக்கு வருகிறவர்களை நிறுத்தி வைப்பதற்கென்றே ஒருவரை நியமித்தது. பணியாளர் அனுபவ மேலாளர் என்று அறைக்கதவில் எழுதியிருந்தது.

"அவருக்கு என்ன வேலையாம்?" என்று மாமியார் கேட்டார். இஸ்திரிப் பிரிவில் ஒரு மாமியாரும் மருமகளும் வேலை செய்தார்கள். வீட்டில் பேச்சுவார்த்தை கிடையாது. மெஷினில் ஒரே விரிப்பின் இரண்டு முனையைப் பிடித்து ஒரு சுருக்கம் விழாமல் மடிப்பார்கள்.

"நம்ம அனுபவத்தை முன்னேத்துறதாம்," என்றாள் நெட்டை. ஐவரில் உயரமானவள்.

"இன்னுமா? இதுக்கு மேல அனுபவிச்சா உடம்பு தாங்காதும்மா."

அன்றிலிருந்து அவர் அனுபவம் சார். நல்ல மனிதர், அதைச் சொல்லியாக வேண்டும். ஆபீஸில் இருந்த எவரும் செய்யாததைச் செய்தார்: ஒவ்வொரு பிரிவிலும் ஒரு நாள் முழுக்க நின்றார். சுவருக்கு வெளிர்பச்சை அடிக்க வைத்தார். பிறந்தநாள் பலகை மாட்டினார். முதுகைப் பிடித்துவிடும் சாய்வு நாற்காலி ஒன்றை வாங்கி, ஆபீஸுக்கு எதிரே கண்ணாடி அறையில் போட்டார். அதில் யாரும் உட்காரவில்லை. "கண்ணாடிக்குள்ள உக்காந்து கிடுகிடுன்னு ஆடிக்கிட்டிருந்தா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?" என்றார் மாமியார்.

அவருக்கும் அந்தப் புதிர் கண்ணில் பட்டது. ஒரு நாள் நோட்டும் கையுமாக இஸ்திரிப் பிரிவுக்கு வந்தார்.

"உங்களை இங்க நிறுத்தி வச்சிருக்கிறது எது? மனசுல இருக்கிறதை அப்படியே சொல்லுங்க."

"கதவு சார்," என்றார் மாமியார். "ரொம்ப தூரத்துல இருக்கு. அவ்வளவு தூரம் நடக்க முடியல."

"நான் போயிட்டா இவங்க யாரோட சண்டை போடுவாங்க சார்?" என்றாள் மருமகள்.

அக்கா, "பழகிப்போச்சு சார்," என்றாள்.

அவர் அதையெல்லாம் எழுதிக்கொண்டார். சிரித்தார். ஆனால் முகம் வாடிவிட்டது. நேராக என் பட்டறைக்கு வந்து காலிப் பெயின்ட் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்தார்.

"எல்லாரும் என்கிட்ட நல்லாப் பேசுறாங்க, யாரும் எதுவும் சொல்ல மாட்டேங்குறாங்க," என்றார். "சரி, நீங்க எனக்கு ஒண்ணு சொல்லுங்க. அந்த மெஷின் எப்படி வேலை செய்யுது? ஒண்ணுமே தெரியாதவனுக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க."

பதினோரு வருடமாக அங்கே இருக்கிறேன். ஆபீஸிலிருந்து வருகிறவர்கள் 'எப்போ சரியாகும்?' என்றுதான் கேட்பார்கள். 'எப்படி?' என்று கேட்டவர் இவர் ஒருவர்தான். சாக்பீஸை எடுத்தேன். மேஜையின் இரும்புப் பலகையில் மூன்று ரோலர் வரைந்தேன். தொட்டில், நீராவி வரும் குழாய், உறிஞ்சு குழாய் எல்லாம் போட்டேன். அவர் நல்ல மாணவர். ஒவ்வொரு கேள்வியும் சரியான இடத்தில் விழுந்தது.

"அப்போ மீதி ஆவி எங்க போகும்?"

"எங்கயும் போகாது சார். அங்கயேதான்."

"அதுல நிக்கிறவங்க எப்படித் தாங்குறாங்க?"

இங்கே நான் நிறுத்தினேன். நிறுத்தினேன் என்பதை மறுக்க மாட்டேன். சாக்பீஸ் கையில் இருந்தது, விசிலக்காவின் சொல்லும் நினைவில் இருந்தது. ஆனால் இன்னொன்றும் மனதில் ஓடியது. விசிலக்காவுக்கு இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு. அடுத்து வருகிறவர் இந்த ஏற்பாட்டைத் தொடர்வார் என்று என்ன நிச்சயம்? ஒருவருடைய நல்ல மனதில் மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் ஒன்று எப்போது வேண்டுமானாலும் அறுந்து விழும். அதையே சட்டமாக்கிவிட்டால் அக்கா பிழைத்தாள். ரோலருக்கு மேலே ஒரு தகரக் கூண்டு வைத்து, அதிலிருந்து கூரை வழியாக ஒரு குழாய் இழுத்தால் மீதி ஆவியும் போய்விடும். இதைச் செய்யக்கூடிய இடத்தில் இருக்கும் ஒரே மனிதர் என் முன்னால், பெயின்ட் டப்பா மேல், நோட்டை மூடி வைத்துவிட்டுக் காத்திருக்கிறார்.

அக்காவைக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

நாலு வட்டம் வரைந்தேன். தள்ளி ஐந்தாவது வட்டம். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அம்புக்குறி. அஞ்சு பன்னிரண்டு அறுபது என்று எழுதினேன். அக்காவின் உடம்பைப் பற்றிச் சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னேன். இதனால்தான் மெஷின் நிற்பதில்லை, இதனால்தான் ஆள் போவதில்லை என்றேன். பேசப் பேச எனக்கே அது முதல் தடவை முழுசாகத் தெரிவது போலிருந்தது. அவர் எழுந்துவிட்டார்.

"இதைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்! நாற்காலி இல்ல, பெயின்ட் இல்ல, இதான். எல்லாப் பிரிவுலயும் இதைக் கொண்டுவரணும். கூண்டையும் சேர்த்து எழுதுறேன்." போனை எடுத்து மேஜைப் பலகையைப் படம் பிடித்தார். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கினார். கிரீஸ் கறையைப் பற்றிக் கவலைப்படவில்லை.

ஆறு வாரம் கழித்துத் தலைமை அலுவலகத்திலிருந்து உத்தரவு வந்தது. வெயில் ஏறத் தொடங்கியிருந்த சமயம். விசிலக்கா அதைக் கையில் வைத்துக்கொண்டு மெஷின் பக்கத்தில் நின்று படித்தார்: 'இஸ்திரிப் பிரிவில் பழுதுத்துணி பார்ப்பவர் பணியிடத்துக்குரிய வேலை எதுவும் நடைபெறவில்லை எனத் தெரியவருவதால் அப்பணியிடம் நீக்கப்படுகிறது. இறுதியாகச் சேர்ந்த பணியாளர் பொட்டலப் பிரிவுக்கு மாற்றப்படுகிறார்.' கூண்டு அடுத்த ஆண்டுப் பரிசீலனைக்கு. பணியாளர் நலனைக் கருதி முற்றத்தின் அந்தப் பக்கம் குளிர்நீர் இயந்திரம் ஒன்று நிறுவப்படும்.

விசிலக்கா ஒரே ஒரு வார்த்தைதான் கேட்டார்.

"யாரு?"

எல்லாருடைய கண்ணும் புதுசின் பக்கம் போயிற்று. பொட்டலப் பிரிவில் ஏசி உண்டு. சுத்தம் செய்த துணியை உறையில் போடும் இடம், தூசி வரக் கூடாது என்பதற்காக.

"ஏசி ரூமு. குடுத்து வச்சவ," என்றாள் நெட்டை.

"நான் இல்லக்கா. சத்தியமா நான் இல்ல."

"நாங்க ஒண்ணும் கேக்கலயேம்மா," என்றார் மாமியார். "போய் நல்லா இரு."

புதுசு தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டாள். போகும்போது என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பெல்ட்டைச் சரிபார்க்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

அனுபவம் சாரிடம் ஓடினேன். அவர் அறிக்கையைத் திறந்து காட்டினார். என் வட்டங்கள் வண்ணத்தில் அழகாக வரையப்பட்டிருந்தன. கீழே 'பராமரிப்புப் பிரிவின் விளக்கப்படி' என்று இருந்தது. ஒரு வார்த்தையைக்கூட அவர் மாற்றவில்லை.

"நான் நல்லது நினைச்சு எழுதினேன். அங்க படிச்சவங்களுக்கு ஒண்ணே ஒண்ணுதான் கண்ணுல பட்டிருக்கு. நாலு பேர் செய்ற வேலைக்கு அஞ்சு பேர்," என்றார். குரல் இறங்கியிருந்தது. "மறுபடியும் எழுதுறேன்."

"எப்போ சார் பதில் வரும்?"

"அடுத்த காலாண்டுக் கூட்டத்துல."

அக்காவைப் பற்றி அவரிடம் சொல்லலாமா என்று நினைத்தேன். சொன்னால் அதுவும் அறிக்கையில் போகும். வாயை மூடிக்கொண்டேன். மூட வேண்டிய அன்று மூடாமல், திறக்க வேண்டிய அன்று மூடினேனோ என்னவோ, இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

கையால் முடிந்ததைச் செய்தேன். உறிஞ்சு குழாயைக் கழற்றி, உள்ளே கம்பளி மாதிரி படிந்திருந்த நூல்தூசியைச் சுரண்டினேன். இரண்டு மூன்று டிகிரி இறங்கியது. ரோலர் வேகத்தைக் குறைத்து வைத்தேன். இருபது நிமிடத்தில் ஆபீஸிலிருந்து போன் வந்தது, அங்கே திரையில் வேகம் தெரியும். விசிலக்கா அக்காவைப் பின்பக்கமே நிறுத்தினார், அங்கே சூடு கொஞ்சம் குறைவு. இடைவேளையில் குளிர்நீர் இயந்திரத்துக்குப் போய்வர எட்டு நிமிடம். இடைவேளை பத்து நிமிடம். இரண்டாம் நாளோடு யாரும் போவதை நிறுத்திவிட்டார்கள்.

"எப்படி இருக்கு?" என்று தினமும் அக்காவைக் கேட்பேன்.

"இருக்கேன்ல? வேலையைப் பாருடா."

கெண்டைக்கால் இழுத்துப் பிடிப்பதை அவள் சொல்லவில்லை. ஒன்பதாம் நாள் சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனதையும் சொல்லவில்லை. பதினோராம் நாள் மதியம் மூன்று மணிக்கு, மடித்த விரிப்பை அடுக்கப் போனவள் அந்த அடுக்கின் மேலேயே சாய்ந்தாள். களைப்பாகப் படுத்தது போலத்தான் இருந்தது என்றாள் மருமகள். அடுத்த விரிப்பு வந்து விழுந்தும் அவள் எடுக்காதபோதுதான் தெரிந்திருக்கிறது.

டாக்டர் மூன்று வருடத்துக்கு முன் சொன்னதையே சொன்னார், இந்த முறை 'நடக்கலாம்' என்பது 'நடந்துவிட்டது' என்று மாறியிருந்தது. மிச்சமும் போய்விட்டது. வாரத்துக்கு இரண்டு நாள். இனி வேலை என்ற பேச்சே இல்லை. அக்காவுக்கு நாற்பத்தொன்று.

அவள் இடத்துக்கு ஒருத்தி வந்தாள், இரண்டு நாளில் போனாள். அடுத்தவள் ஒரு வாரம் இருந்தாள். இஸ்திரிப் பிரிவும் மற்றப் பிரிவுகளைப் போல ஆகிவிட்டது. ஆபீஸில் யாருக்கும் இப்போது அது புதிர் இல்லை.

மூன்றாவது வாரம் ஒரு மதியம், ஆலையில் அனுமதி வாங்கிக்கொண்டு வந்து, ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கையிலிருந்து டயாலிசிஸ் இயந்திரத்துக்குக் குழாய் ஓடிக்கொண்டிருந்தது. அவள் இன்னொரு கையால் கட்டிலின் விரிப்பு ஓரத்தைத் தடவிப் பார்த்தாள்.

"நம்ம ஆலைதான். மடிப்பு கோணலா இருக்கு பாரு. கை ஓய்ஞ்சு போய் மடிச்சிருக்காங்க."

நான் அந்த மடிப்பைக் கையால் நீவிவிட்டேன்.

"நேத்து புதுசு வந்திருந்தா," என்றாள். "பழம் வாங்கிட்டு வந்தா. நான் பேசல. சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்துக்கிட்டேன். சொல்லிக் குடுத்துட்டு எந்த முகத்தோட வர்றா? கொஞ்ச நேரம் நின்னுட்டுப் போயிட்டா."

"அக்கா."

"என்ன?"

"அவ சொல்லல. நான்தான் சொன்னேன்."

அவள் என்னைப் பார்த்தாள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். பெயின்ட் டப்பா, சாக்பீஸ், ஐந்து வட்டம், கூண்டு. ஏன் சொன்னேன் என்பதையும் சொல்லத் தொடங்கினேன்.

"விளக்காத," என்றாள். "போதும்."

கூரையைப் பார்த்தாள். கண்ணோரத்தில் இறங்கியதைத் துடைக்கவில்லை. ஒரு கையில் ஊசி, இன்னொரு கை விரிப்பை விடவில்லை. திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"அவ கையில பழம் வச்சுக்கிட்டு அங்க நின்னாடா," என்றாள். "நான் திரும்பிக்கூடப் பாக்கல."

"நான் நாளைக்கு அவகிட்ட…"

"நாளைக்கு என்ன நாளைக்கு? ஷிப்ட் முடியலல்ல? இப்பப் போ. அவகிட்டயும் சொல்லு, அங்க இருக்கிற மூணு பேர்கிட்டயும் சொல்லு. விசிலக்கா முன்னால சொல்லு."

"உன்னைத் தனியா விட்டுட்டு…"

"நான் எங்கயும் ஓடிப்போக மாட்டேன். நாலு மணி நேரம் இதுலதான் கட்டிப் போட்டிருக்கு. போ."

போனேன். பொட்டலப் பிரிவின் குளிர்ந்த அறையில், தலைக்குத் தொப்பி போட்டுக்கொண்டு புதுசு துணியை உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். நான் சொன்னதைக் கேட்டு அவள் கை நிற்கவில்லை.

"எனக்குத் தெரியும்ண்ணே. மாத்துறப்போ அனுபவம் சார் ரூமுக்குக் கூப்பிட்டாங்க. மேஜை மேல அந்தப் படம் இருந்துச்சு. அந்த மாதிரி அம்புக்குறி போட்டு விளக்குறதுக்கு இங்க வேற யாரு இருக்கா?"

"ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"உங்க அக்கா அப்ப நடமாடிக்கிட்டிருந்தாங்க. தம்பிதான் செஞ்சதுன்னு தெரிஞ்சா அதுக்கே விழுந்திருப்பாங்க." ஓர் உறையை ஒட்டினாள். "அப்புறம் சொல்றதுக்கு என்கிட்ட யாரும் பேசல."

"இப்ப அவங்ககிட்ட சொல்லப் போறேன். நீயும் வாயேன்."

"நான் வரலண்ணே. நீங்களே சொல்லுங்க."

இஸ்திரிப் பிரிவின் கதவைத் தள்ளியதும் ஆவி முகத்தில் அறைந்தது. முன்பக்கம் நெட்டையும் மாமியாரும். பின்பக்கம் மருமகளும், பெயர் தெரியாத ஒரு புதுப் பெண்ணும். விசிலக்கா ட்ராலியைத் தள்ளிக்கொண்டு வந்தார். கொல்லைக் கதவருகே ஸ்டூல் இல்லை. அங்கே அட்டைப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. ரோலர் சத்தத்துக்கு மேலே கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. கத்தினேன். புதுசு இல்லை, நான் என்றேன். படம் போட்டுக் கொடுத்தது நான் என்றேன்.

யாரும் திரும்பவில்லை. திரும்ப முடியாது. பத்து வினாடிக்கு ஒன்று உள்ளே போகிறது, ஒன்று வெளியே வருகிறது. கை எடுத்தால் விரிப்பு சுருண்டு ரோலரில் சுற்றிக்கொள்ளும். அவர்கள் முதுகைப் பார்த்துக்கொண்டே முழுவதையும் சொல்லி முடித்தேன். நெட்டையின் தோள் ஒரு கணம் நின்று மறுபடி அசைந்தது.

விசிலக்கா ட்ராலியை விட்டுவிட்டு வந்தார்.

"உங்க அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரியும். அவங்கதான் போய்ச் சொல்லச் சொன்னாங்க."

அவர் என்னையே பார்த்தார். மூன்று வாரத்தில் வயது கூடியிருந்தது. பிறகு திரும்பிப் போய் ட்ராலியைத் தள்ளத் தொடங்கினார்.

மாமியார்தான் பேசினார், திரும்பாமலே.

"நின்னு என்ன பண்றீங்க? கை சும்மாதான இருக்கு? வந்து இதைப் பிடிங்க."

போய்ப் பிடித்தேன். அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே போய், ஓர் அட்டைப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார்.

அந்த மெஷினை நூறு தடவை கழற்றி மாட்டியிருக்கிறேன். ஓடும்போது அதன் முன்னால் முனை பிடித்து நின்றதில்லை. ஈரத்துணி கைக்குக் குளிர்ச்சியாக இருக்கிறது, அது கையை ஏமாற்றும். சூடு கீழிருந்து மோவாயில் ஏறிக் கண்ணுக்குள் போகிறது. மூச்சை இழுத்தால் காற்றுக்குப் பதில் வேறு ஏதோ வருகிறது. ஐந்தாவது விரிப்பிலேயே சட்டை முதுகோடு ஒட்டிவிட்டது.

"இழுக்காதீங்க," என்றாள் நெட்டை. என் முகத்தைப் பார்க்கவில்லை. "அது தானா போகும். நேரா விட்டா போதும்."

நேராக விட்டேன். ஒன்று, இன்னொன்று, இன்னொன்று. நாலு நிமிடம் இருக்கும். ஒலிபெருக்கி கரகரத்தது: துவைக்கும் பிரிவில் பம்ப் நின்றுவிட்டது, ஃபிட்டர் உடனே வரவும்.

மாமியார் எழுந்தார். கையில் பாட்டில் பாதி இருந்தது. அதைப் பெட்டி மேல் வைத்துவிட்டு வந்து, என் கையிலிருந்து முனையை வாங்கிக்கொண்டார்.

"போங்க. கூப்பிடுறாங்க."

நான் விலகினேன். நான் நின்ற இடத்தில் அவர் நின்றார். அடுத்த விரிப்பு உள்ளே போனது.